அறை கேட்டு வந்த முதல் மெயில்

தம்பானூரில் எனக்குச் சின்னதாக ஒரு லாட்ஜ். மனைவி இறந்தபின் நானும் அதிலேயே ஓர் அறையில் தங்கிவிட்டேன். இனி இமெயில் இல்லாமல் ஆள் வராது என்று எல்லோரும் பயமுறுத்தவே, பக்கத்து இன்டர்நெட் கஃபேக்குப் போனேன். மவுஸை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. கஃபேயை நடத்திய ஷீலா முகம் சுளிக்காமல் கற்றுக்கொடுத்தாள்.

அவள் உண்டாக்கித் தந்த மெயில் முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தேன். தினமும் சாயங்காலம் போய்த் திறந்து பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது.

"நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கும்மா" என்றேன் ஒருநாள்.

அவள் வந்து பார்த்துவிட்டு, தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "தப்பு ஒண்ணும் இல்ல அண்ணா. ஆரும் எழுதல, அத்ரதான்."

நான் எழுந்தேன். "இரிங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய் எதையோ தட்டினாள். என் திரையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "ரூம் உண்டா? அண்ணா சாப்பிட்டாச்சா?"

முதல் கேள்விக்கு ஒற்றை விரலால் "உண்டு" என்று தட்டினேன். இரண்டாவதற்கு விரல் நகரவில்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு நிஜமாகவே மெயில்கள் வரத் தொடங்கின. இப்போது தினமும் வருகின்றன. நானே உடனுக்குடன் பதில் போடுகிறேன். எல்லோரும் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறார்கள்.