சைவப் பூனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

முதலில் வந்தவை எறும்புகள். எங்கள் பூனை துரைக்குப் பால்கனி மூலையில் கழிவறையாக ஒரு மணல் தட்டு வைத்திருக்கிறோம். அதைச் சுற்றிச் சாரை சாரையாக எறும்புகள். மஞ்சள் தூள் தூவிப் பார்த்தேன். வேலைக்கு வருகிறவர் சரியாகப் பெருக்குவதில்லை என்று என் மனைவி கமலத்திடம் குறைப்பட்டுக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். சிறுநீரை எறும்பு மொய்த்தால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எறும்புக்குப் பிறகு தண்ணீர். துரைக்குக் கிண்ணத்துத் தண்ணீர் போதவில்லை. குளியலறை வாளியின் விளிம்பில் முன்கால்களை ஊன்றி நின்று குடித்தான். சாப்பாடு குறையவில்லை, ஆனால் முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது.

அடுத்து பின்கால்கள். பூனை விரல்களில் நடக்கும் பிராணி. துரை குதிகால் முழுவதும் தரையில் பட, தேய்த்துத் தேய்த்து நடந்தான். "ஒன்பது வயசாச்சு. என்னை மாதிரி மூட்டு வலியா இருக்கும்" என்றேன். கமலம் கேட்கவில்லை. அவனைக் கூடையில் போட்டு மூடினாள். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் போகும்போது வழி முழுக்க நான் முனகிக்கொண்டே வந்தேன்.

அங்கே கால்நடை மருத்துவமனையில் இருந்தவர் ஷர்மிளா என்ற இளம் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. கால்களுக்கு வந்திருப்பது நியூரோபதி (நீடித்த சர்க்கரையால் நரம்புகள் பழுதாவது), சர்க்கரை கட்டுப்பட்டால் அதுவும் சரியாகலாம் என்றார். பிறகு கேட்டார்: "என்ன சாப்பிடறான்?"

"தயிர்சாதம்" என்றேன். "சைவப் பூனை டாக்டர்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்கு வருகிற எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுடையது சைவக் குடும்பம். ஒரு பூனையையும் அப்படி வளர்த்துவிட்டேன் என்பதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. விருந்தினர் முன்னால் அவனைத் தயிர்சாதம் சாப்பிடவைத்து வேடிக்கை காட்டியிருக்கிறேன். கடையில் விற்கும் உலர் தீனியும் கொஞ்சம் கொடுப்போம். அதில் கோழி இருப்பதாகப் பொட்டலத்தின் பின்னால் எழுதியிருக்கும். ஆனால் உருண்டை உருண்டையாகக் காய்ந்து கிடந்ததால் அதை நான் கோழியாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "பூனையில சைவம் கிடையாது சார். அதோட உடம்பு மாமிசத்துக்குன்னே அமைஞ்சது. இவ்வளவு மாவுச்சத்தை அதால சமாளிக்க முடியாது. சோறு, பால், உலர் தீனி மூணையும் நிறுத்துங்க. பூனைக்குன்னு டின்ல வர்ற ஈரத் தீனியைக் குடுங்க, கூடவே வேகவெச்ச மீன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு யூனிட் இன்சுலின். ரெண்டும் சேர்ந்தாத்தான் வைத்தியம்."

ஊசியைக் கற்றுக்கொண்டேன். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். முதல் இரண்டு நாள் ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, மருந்தெல்லாம் ரோமத்தில் வழிந்தது. புதிதாக ஊசி போடுகிற உங்களுக்கும் அப்படி ஆகும். பயப்பட வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மீனைக் கற்றுக்கொள்ளவில்லை. "ஊசி போதும். இந்த வீட்டு அடுப்புல மீன் ஏறாது" என்றேன். டின்னையும் அதே கணக்கில் சேர்த்தேன்.

"டாக்டர் சொன்னது ரெண்டு. நீங்க உங்களுக்குச் சவுகரியமான ஒண்ணை மட்டும் கேக்கறீங்க" என்றாள் கமலம்.

"அதுதான் மருந்து போடறேனே."

"அவனுக்குப் போடறீங்க. பத்தியம் யாருக்கு, உங்களுக்கா?"



பத்து நாள் கழித்து, கமலம் இல்லாமல், நான் மட்டும் அவனைக் காட்டக் கொண்டுபோனேன். சர்க்கரை இறங்கவில்லை. "மீன்தானே குடுக்கறீங்க?" என்றார் டாக்டர். "ஆமா, தினமும்" என்றேன். அவர் இன்சுலினை இரண்டு யூனிட் ஆக்கினார். அடுத்த முறையும் இறங்கவில்லை. "என்ன மீன்?" என்றார். எனக்குத் தெருவில் காதில் விழுந்த ஒரே பெயர்தான் தெரியும். "சங்கரா" என்றேன். வாய் கூசவில்லை. அவர் குழம்பிப்போய், யோசித்து, மூன்று யூனிட் எழுதினார்.

அதற்குச் சில நாள் கழித்து வந்த ஒரு காலையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு ஊசி போட்டேன். பூஜை முடித்து, செய்தித்தாள் படித்தேன். கிண்ணம் காலியாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். பத்தரை மணிக்குத் தையல் இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு சத்தம். துரை பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார்: ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடுவது). பூஜை அலமாரியில் அபிஷேகத்துக்கு வைத்திருந்த தேனை எடுத்து விரலால் அவன் ஈறில் தடவினேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கமலம் அவனைத் துண்டில் சுற்றினாள். அடையாறு பாலத்தின் மேல் போகும்போது அவள் மடியில் அவன் அசையாமல் கிடந்தான். மூச்சு இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் துணிவில்லை.

குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் கீழே. முன்காலில் குளுக்கோஸ் ஏற்றியபடியே டாக்டர் கேட்டார்: "வழக்கமா சாப்பிடறதைத்தானே சாப்பிட்டான்?"

நான் தரையைப் பார்த்தேன். கமலம்தான் பேசினாள். "நாலு நாளா மீன் குடுக்கறேன் டாக்டர். இவர் ஊசி போட்டுட்டுப் பூஜைக்குப் போனதும் கிண்ணத்தை எடுத்துடுவேன். மாடிப்படியில வெச்சு மீன் குடுப்பேன். மீன்கார அம்மாவே அவிச்சுக் கொண்டுவருவா. சாயங்காலத்துக்கும் அதுலயே எடுத்துவைப்பேன்."

"நாலு நாளா? சார் ஒரு மாசமா மீன்தான்னு சொன்னாரே?"

 எழுபத்து நான்கு வயதில், என் பேத்தி வயதுள்ள ஒரு பெண்ணின் முன்னால் சொன்னேன்: "இல்லை டாக்டர். தயிர்சாதம்தான் கொடுத்தேன். உங்களிடம் பொய் சொன்னேன்."

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ நான் டோஸ் ஏத்தினது பூனைக்கு இல்ல சார். உங்க பொய்க்கு."

மாவுச்சத்தோடு போராடுவதற்காக ஏற்றிய மூன்று யூனிட், மாவுச்சத்தே இல்லாத உடம்புக்குள் போயிருக்கிறது. கமலம் செய்தது சரி. டாக்டர் செய்ததும் சரி. நடுவில் நான் இருந்தேன்.

ஆஸ்பத்திரி நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். "உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்" என்றாள் கமலம். அழுதிருந்தாள்.

"சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்" என்றேன். அந்த மாதத்தில் நான் பேசிய முதல் உண்மை டாக்டரிடம் சொன்னது. இது இரண்டாவது.

மாலை நான்கு மணிக்குத் துரை தலையைத் தூக்கினான். குழாய் கட்டிய காலை வெறுப்புடன் பார்த்தான். பிறகு தாதியின் விரலைக் கடித்தான். "பிழைச்சுட்டான்" என்று அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் இன்சுலினை மறுபடி ஒரு யூனிட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலை, மீன்கார அம்மாவைத் தேடி நானே போனேன். அவர் பெயர் அஞ்சலை. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வந்து எங்கள் தெருமுனையில் உட்காருவார். பூஜை முடித்து நெற்றியில் திருநீற்றோடு போயிருந்தேன்.

"வா நைனா. பூனை ஊட்டுக்காரரு நீதானா? அம்மா இன்னா, வரலியா?"

"இனிமேல் நான்தான் வருவேன்."

"தயிர் சோறு போட்டே வளத்தியாமே. அதுக்கும் நெத்தில பட்டை அடிச்சி உட்டியா?"

பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

"பூனைக்கு எது நல்லது?"

"என்னிய கேட்டா? பூனையாண்ட கேளு. இந்தா, காணாங்கத்த. கையில வாங்கு நைனா. இன்னாத்துக்கு நடுங்கினு நிக்கிற? அது செத்துப்போச்சி, கடிக்காது."

பால்கனியில் தனியாக ஒரு மின்அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்றாள் கமலம். வேண்டாம் என்றேன். இனி மறைவாக எதுவும் வேண்டாம். சமையலறை அடுப்பிலேயே, உப்பும் மஞ்சளும் போடாமல் அவித்தேன். இரண்டு முறை வாஷ்பேசினுக்கு ஓடினேன். முள் எடுக்க அரை மணி நேரம் ஆனது. துரை சாப்பிட்டு முடிக்க இரண்டு நிமிடம். மீன் மட்டும் பூனைக்கு முழு உணவாகாது என்பதால் டின் தீனியும் வந்தது. அதன் பின்பக்கத்தை இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன்.

காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவும் பழகினேன். வீட்டில் அளக்காமல் இன்சுலின் போடுவது கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பதற்குச் சமம். காதை முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்குங்கள், ரத்தம் எளிதாக வரும். ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதினேன். கிண்ணத்தில் என்ன வைத்தேன் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதினேன்.

முந்நூற்று அறுபது. முந்நூற்றுப் பத்து. இருநூற்று நாற்பது. ஒரு திங்கட்கிழமை நூற்று எழுபது. நான் கமலத்தைக் கூப்பிட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மீன் அடுப்பேறிய ஆறாவது வாரம் அரை யூனிட் ஆனது. ஒன்பதாவது வாரம் ஊசியை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பதினைந்து நாளும் நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனாக இருந்தேன். பிறகு ஃப்ரக்டோசமின் (கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்கள். இயல்பான அளவு.

"ரெமிஷன் சார்" என்றார் டாக்டர். (நோய் ஒழிந்துவிட்டது என்று பொருளல்ல. மருந்தில்லாமல் அடங்கியிருக்கிறது என்று பொருள். சோற்றைக் கண்டால் திரும்ப வரும்.) எல்லாப் பூனைகளுக்கும் இது வாய்ப்பதில்லை என்றும் சொன்னார். நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதை நம்பறேன்" என்றார். கல்லூரியில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அதற்கு ஈடாகாது.

அன்று வீடு திரும்பியதும் கூடையைத் திறந்தோம். துரை விரல் நுனிகளில் நடந்து சமையலறைக்குப் போனான். நின்றான், அளந்தான், ஒரே தாவலில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தான். கமலம் கைதட்டினாள். மறுநாள் அஞ்சலையிடம் சொன்னேன்.

"ஊசி நின்னுபோச்சா? சூப்பரு நைனா! ஆனா மீன நிறுத்திடாத. அப்பறம் எனக்கு யாரு ஊசி போடறது?" என்று ஒரு சங்கராவைத் தூக்கிப் பையில் போட்டார். "இது துரைக்கு. என் கணக்கு."

இப்போது இதைப் படிக்கிறவர் கையில் புதிதாக ஒரு ஊசி இருக்கலாம். நான் சொல்வதற்கு ஒன்றுதான் உண்டு. மருத்துவரிடம் கிண்ணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சின்ன உடம்பால் உங்களைக் காட்டிக்கொடுக்க முடியாது. அது உங்கள் சொல்லைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதம் என் நாள் இரண்டு துண்டுகளாக இருந்தது, காலை ஏழு, மாலை ஏழு. எந்தக் கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போகவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை நானும் கமலமும் பெசன்ட் நகர் கடற்கரையில் வறுத்த சோளம் சாப்பிட்டோம். விளக்குகள் போட்டு வெகுநேரம் ஆனபிறகுதான் ஏழு மணி தாண்டிவிட்டது என்று உறைத்தது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒரு தோல் மடிப்பைத் தேடிக் குவிந்திருந்தன. எழுபத்து நான்கு வருடம் என்னோடு இருந்த கை. இந்த வருடம்தான் அது எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது.

கமலம் அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "எவ்வளவு சோப்பு போட்டாலும் மீன் வாசனை போகலையே உங்களுக்கு."

"இருக்கட்டும்" என்றேன்.