சத்திரத்து விறகு அறையும் ஒரு கதைப்புத்தகமும்

ஏழைகள்மேல் இரக்கம் காட்டச் சொல்லும் குழந்தைப் புத்தகம் எதைக் கண்டாலும் நான் இன்றும் மூடி வைத்துவிடுவேன். அதை எழுதுகிறவர்கள் நல்லவர்கள்தான். பயம் என்னுடையது.

அப்போது யுத்த காலம். அப்பா காலமாகி, இலத்தூரில் குத்தகை வயல் கைவிட்டுப் போனதும் வீடும் போயிற்று. அம்மாவும் நானும் தம்பியும் தென்காசியில், குற்றால ரோட்டுச் சத்திரம் ஒன்றின் பின்புறம் விறகு போடும் அறையில் ஒண்டியிருந்தோம். வழிப்போக்கர்கள் மூன்று ராத்திரி தங்கலாம், அதற்குமேல் கூடாது என்பது சத்திரத்துச் சட்டம். நாங்கள் மாதக்கணக்கில் இருந்தோம். அம்மா முற்றம் பெருக்கிக் கொடுப்பாள். காவல்கார அண்ணாச்சி கண்டும் காணாததுபோல் இருப்பார்.

"யாரு கேட்டாலும் அத்தை வீட்டுல இருக்கோம்னு சொல்லுட்டி. வாயைத் திறந்தா நமக்குத் தெருவுதான்" என்று சொல்லித்தான் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்புவாள்.

சாரல் விடாமல் பெய்த ஒரு நாள், டீச்சர் பட்டணத்திலிருந்து வந்த புதுக் கதைப்புத்தகத்தை உரக்க வாசித்தார். பாழடைந்த மண்டபத்தில் குடியிருக்கும் ஒரு சிறுமி. மாற்றுப் பாவாடை கிடையாது. ஈரத்தோடு பள்ளிக்கு வருகிறாள். என் பாவாடையும் ஈரம்தான். யாரோ என்னைப்பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நம்பினேன். கடைசியில் ஒரு பணக்காரர் அந்தக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தார். வகுப்பே மூக்கைச் சிந்தியது.

"நம்ம ஊர்ல இப்படி யாரையாவது பாத்திருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

நான் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அப்பாதான் அந்தச் சத்திரத்துக்குத் தர்மகர்த்தா.

மணி அடித்ததும் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "ஏட்டி, வண்டியில போகையில உன்னைய சத்திரத்துல பாத்தேன். யாரையோ பாக்க வந்திருக்கன்னுல்லா நெனச்சேன். நீயும் கதையில வாற பிள்ளை மாதிரிதானா?"

"சொல்லிராதட்டி. உன் காலைப் பிடிச்சுக்கிடுதேன்."

"ஏன் அழுத? எங்கப்பாகிட்ட சொல்லுதேன். உங்களுக்கு வீடு குடுப்பாவ." இரக்கத்தில் அவள் முகம் பளபளத்தது. அந்த முகம் பயமுறுத்தியதுபோல் என்னை எதுவும் பயமுறுத்தியதில்லை.

வந்து அம்மாவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. ரோட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் விறகுக்குப் பின்னால் போய் நின்றேன். சாயங்காலம் ஒரு வண்டி நின்றேவிட்டது.

தர்மகர்த்தா கோபப்படவில்லை. "வழிப்போக்கருக்கு உள்ள எடம்மா இது. இருட்டுறதுக்குள்ள காலி பண்ணிருங்க" என்றார். அண்ணாச்சியைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீரும் வர வேண்டாம்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. காலி பண்ணுவதென்றால் புது வீட்டுக்குப் போவது என்று நினைத்திருக்கிறாள்.

"இவங்களுக்கு எந்த வீட்டைப்பா குடுக்கப் போறீக?" என்று கேட்டாள்.

அவர் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். அம்மா அரைவேக்காட்டுச் சோற்றைப் பானையோடு அடுப்பிலிருந்து இறக்கினாள்.