பொம்மை கொடுத்துக் கூப்பிட்டேன்

இன்று நடந்ததை இங்கே தட்டிவைக்கிறேன்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டி ஒரு கிராமம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே அந்த ஊர் அங்கன்வாடி அக்காவும் நானும் இலவச வகுப்பு தொடங்குகிறோம். பிள்ளைகளைச் சேர்க்க இன்று மத்தியானம் தனியாக ஸ்கூட்டியில் போனேன். நான் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில் கழித்துப்போட்ட பொம்மைகளைப் பை நிறைய எடுத்துப் போயிருந்தேன். வெயிலுக்காக முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தேன்.

மடத்தனம்தான்.

கோயில் பக்கம் விளையாடிய பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுத்து, "படிக்க வர்றீங்களா?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து ஓர் அம்மா கத்தினார். "யாரு நீ? பொம்மையக் காட்டி எங்க புள்ளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போற?"

"பாடம் சொல்லித் தரத்தாங்க. காசெல்லாம் வேணாம்."

"காசு வாங்காம எவ சொல்லித் தருவா?"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வண்டிச் சாவியை உருவினார். இன்னொருவர் வீடியோ எடுத்தார். யாரோ பின்கழுத்தைப் பிடித்தார்.

அங்கன்வாடி அக்கா ஓடிவந்து, "வுடுங்க, நாந்தான் வரச் சொன்னேன்!" என்று என்னை இழுத்துக்கொண்டார். இல்லாவிட்டால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

பிறகு அவர்களே டீ வாங்கிக் கொடுத்தார்கள். வீடியோ எடுத்தவரிடம் அதை அழிக்கச் சொன்னேன்.

"அப்பவே குரூப்புல போட்டுட்டனேம்மா."

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து பார்க்கிறேன்.

இப்போது என் சித்தி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். துப்பட்டாவுக்குள் நான். கீழே, "புள்ள புடிக்கிறவளாம். நீயும் அந்தப் பக்கந்தான் போற, பாத்துப் போம்மா."

ஞாயிற்றுக்கிழமை போவேன், முகத்தை மூடாமல். சித்திக்கு என்ன பதில் போடுவது, சொல்லுங்கள்.