வாரியில் வைத்த நாற்பது கன்றுகள்

எங்கள் மன்றத்து அறையில் ஓர் ஆணியில் பழைய டியூப் ஒன்று சுருட்டி மாட்டியிருந்தது. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூப். வெயிலில் கிடந்து மஞ்சளாகிவிட்டது. ஒரு முனையில் சிமெண்டுக் கறை. செயலாளருடைய அப்பாவின் டியூப் அது. செயலாளர் என்றதும் வயதான ஆளாக நினைத்துவிட வேண்டாம். இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வந்த இரண்டாமாண்டு மாணவி. சுற்றுச்சூழல் இளைஞர் மன்றம் தொடங்கிய நாளில் எல்லோரும் அவளைக் கைகாட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கும் அவள் செயலாளர்தான். சிவில் படித்த நான் மன்றத்தின் பயிற்சியாளர். என்னை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் வேலை ஓடும். முதல் நடவுக்குப் பதினோரு வரிகள் எழுதினேன்: குழியின் ஆழம், இடைவெளி, கன்றின் உயரம், முள்வேலி, தண்ணீர் ஊற்றும் முறை. அவளுடைய ஊரில் குடிநீர் ஊரணிக்கு மேற்கே வெறும் பொட்டலாக ஓர் இடம் கிடந்தது. நாற்பது பேர், நாற்பது கன்றுகள். ஒவ்வொன்றையும் சுற்றி மண் அணைத்து, முள் கட்டி, வைத்தவர் பெயரைத் தகரத்தில் எழுதித் தொங்கவிட்டோம். கடைசி வரிக்கும் டிக் அடித்தபோது, நாற்பது தலைவர்களை உருவாக்கிவிட்டதாகவே நினைத்தேன்.

ஆடிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், கன்றுகளுக்கிடையே தேங்கிய தண்ணீர் வழி தெரியாமல் ரோட்டில் இறங்கி ஓடியிருந்தது. ஊரணியில் ஒரு விரல் உயரம்கூட ஏறவில்லை. குடத்தோடு நின்ற பெண் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மரம் வச்சீங்க, சரி. தண்ணிக்கு எங்கிட்டு வழி வச்சீங்க, இன்ஜினியரம்மா?"

அன்று மாலையே செயலாளர் இந்த டியூபோடு வந்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, டியூபில் தண்ணீர் நின்ற உயரத்தைக் குச்சிகளில் குறித்துக்கொண்டே நடந்தோம். பொட்டல் என்று நாங்கள் நினைத்தது ஊரணிக்குத் தண்ணீர் வருகிற வாரி. மழை பொய்த்த வருடங்களில் மண் மூடிக் கிடந்ததால் உள்ளூர்க்காரியான அவளுக்கும் தெரியவில்லை. என் பதினோரு வரிகளில் ஒன்றுகூட, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் உப்பு. ஐப்பசி மழைக்குள் வாரி திறக்காவிட்டால் கோடையில் குடிக்க ஒன்றும் இருக்காது.

நடுவரிசையை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றேன். மன்றத்தின் பெயர் கெடுமே என்ற பயம் எனக்கு. அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அங்கேயே கூட்டி, குச்சிகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

"நம்மளே வச்சு நம்மளே புடுங்குனா ஊரே சிரிக்கும், செயலாளரம்மா," என்றாள் உறுப்பினர் ஒருத்தி.

"சிரிக்கட்டும்டீ. சிரிச்சுக்கிட்டே தண்ணி தூக்கிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். முதலில் தோண்டியது தன் பெயர் தொங்கிய கன்றை. பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். மண்ணோடு பெயர்த்து வாரிக் கரைக்கு வெளியே நட்டோம். வாரியை வெட்டித் திறந்தோம். ஆவணி வெயிலில் பாதிக் கன்றுகள் கருகின. அவளுடையதும்தான். நான் வருத்தப்பட்டபோது, "வேற வச்சுக்கலாம்க்கா," என்றாள், மண்வெட்டியைக் கீழே வைக்காமல்.

ஐப்பசியில் ஒரு விடிகாலை போன் செய்தாள். மூச்சு வாங்கியது. "அக்கா, ஊரணியில ஆறு படி முங்கிருச்சு!"

இப்போது அவள் அறந்தாங்கிப் பக்கம் வேலை பார்க்கிறாள். அங்கேயும் ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறாள். நேற்று அழைத்தாள். "கன்னெல்லாம் வந்து எறங்கிருச்சுக்கா. பிள்ளைக கடப்பாரையோட நிக்கிதுக. குழி வெட்ட விடாம நிறுத்தி வச்சிருக்கேன். அந்த டியூபக் குடுத்து விடுங்க."

கடையில் புதிதாக வாங்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனாலும் ஆணியிலிருந்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று முழு நீளமும் விரலால் தடவிப் பார்த்தேன். கசியவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறது. ஒரு முனையை அவள் பிடிப்பாள். மறுமுனையை இந்த முறை வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.