வெந்நீர்த் தொட்டியில் ஒரு விரல்கடை

வெந்நீர் போட யாராலும் முடியும். அதில் நாலு பேர் இறங்கி உட்கார்ந்த பிறகும் அதை அதே உயரத்தில் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓர் அண்டா வெந்நீருக்கு ஆறு பேர் துண்டோடு காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். உங்கள் வீட்டில் குளியலறைக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்கள். என்னிடம் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டே சத்தம் போட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் ஓர் இயற்கை வைத்தியசாலை இருந்தது. மருந்து கிடையாது. மண் பட்டி, பட்டினி, வாழைத்தண்டுச் சாறு, வெந்நீர். மூட்டுவலிக்காரர்களுக்காக ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆறடி நீளம், நாலடி அகலம், உள்ளே சுற்றிலும் உட்காரப் படி. நாலு பேர் உட்காரலாம். உட்கார்ந்தவரின் நெஞ்சு உயரத்தில் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். குறைந்தால் குணமில்லை, கூடினால் மூச்சு முட்டும் என்பது டாக்டரின் சித்தாந்தம். காட்டூரிலிருந்து சைக்கிளில் போய் வேலை கேட்ட என்னை அவர் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார். "தண்ணி மட்டத்தைப் பார்த்துக்கணும். நீ மட்டம் போடக் கூடாது. அவ்வளவுதான் வேலை."

முதல் நாள்

அடுப்பைப் பார்த்துக்கொண்ட செல்லம்மா கொதிக்கக் கொதிக்கக் கொடுத்ததை எல்லாம் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கோடு வரைக்கும் நிரப்பினேன். நூல் பிடித்த மாதிரி நின்றது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் நாலு நோயாளிகள் வந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

ஆளுக்கு ஒரு விரல்கடை தண்ணீர் ஏறும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நாலாவது ஆள் உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி, நடையில் இறங்கி, செருப்புகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனது. அங்கே பெஞ்சில் காத்திருந்த பெரியவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் குளிக்க உள்ளே வரதுக்குள்ள, குளியலே வெளியே வந்துடுச்சே தம்பி!"

ஓடற ஜலம்

கார்த்திகை பிறந்ததும் வரதன் ஸ்வாமி வந்தார். கோயிலில் ஸ்ரீபாதந்தாங்கி, புறப்பாட்டின்போது பெருமாளைத் தோளில் சுமக்கிறவர். நாற்பத்தைந்து வயது, தேக்கு மரத் தோள். ஆனால் ஒரு வருஷமாக வலது முழங்கால் முழுக்க நீளவில்லை. அவர் காலை மடக்கி நடந்தால் அவருடைய மூலை இறங்கும். மூலை இறங்கினால் பெருமாள் சாய்வார். மார்கழியில் பகல்பத்து உற்சவம் தொடங்குவதற்குள் கால் நேராகாவிட்டால் தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிடுவதாக அவரே சொல்லிவிட்டு வந்திருந்தார். "அடியேனுக்கு வலி பெரிசில்லை. பெருமாள் சாயப்படாது" என்றார்.

ஒரு சிக்கல். மற்றவர்கள் உட்கார்ந்த தண்ணீரில் அவர் இறங்க மாட்டார். அவருக்கென்று தனியாக நிரப்ப நேரம் போதாது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வரதன் ஸ்வாமியே யோசித்து ஒரு வழி சொன்னார். காவேரியில் எல்லோரும்தானே தீர்த்தமாடுகிறார்கள்? ஓடற ஜலத்துக்கு தோஷமில்லை. ஆகவே, அவர் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் தொட்டி ஓட வேண்டும்.

அடியில் இருந்த அடைப்பைப் பாதி திறந்துவிட்டு, மேலே குடம் குடமாக ஊற்றினேன். போகிறதும் வருகிறதும் சமமாக இருந்தால் கோடு நகராது. நான் நின்று மூச்சு வாங்கினால் இறங்கிவிடும். வெளியேறிய வெந்நீர் கொல்லையில் இருந்த வாழைகளுக்குப் போயிற்று. எதிர்ப் படியில் முசிறிப் பக்கத்து விவசாயி பெரியண்ணன் இடுப்புவலிக்காக உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். ஜன்னல் வழியாகக் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "சாமி முழங்கால் நல்லா வேகட்டும், வேணாங்கல. அந்த வாழைக்கிழங்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

வெங்காய லாரி

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ராமையா பிள்ளை தனி ஒருவராக இரண்டு விரல்கடை. அவர் உட்கார்ந்ததும் தண்ணீர் உயரும், எனக்கு நிம்மதி. ஆனால் அவர் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். மண்டி ஆள் ஜன்னலில் தலையை நீட்டி "லாரி வந்துடுச்சுங்க" என்பான். பிள்ளை தண்ணீர் வழிய எழுந்து நின்று, "மூட்டை நடுவுல கையை விட்டுப் பாரு, மேல இருக்கறதெல்லாம் அழகாத்தான் இருக்கும்" என்று உத்தரவு போடுவார்.

அவர் எழுந்ததும் மற்றவர்களின் நெஞ்சில் குளிர்காற்று படும். நான் ஓடி ஓடி நாலு குடம் ஊற்றுவேன். ஊற்றி முடித்ததும் அவர் உட்காருவார். நாலு குடமும் நடைக்குப் போகும். வரதன் ஸ்வாமி கண்ணை மூடிக்கொண்டு முழங்காலைப் பிடித்துவிட்டபடி இருப்பார். பகல்பத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பிள்ளை மூன்றாவது தடவை எழுந்தபோது பெரியண்ணன் கைகூப்பிவிட்டார்: "முதலாளி, ஒண்ணு உட்காருங்க, இல்லே நில்லுங்க. எங்க ஊர் வாய்க்கால்கூட இப்படி முறை வெச்சு வத்தாது!"

சம்பந்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை, புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த சம்பந்தியையும் அவருடைய இரண்டு தம்பிகளையும் வெந்நீர் வைபவத்துக்கு அழைத்து வந்தார். வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். மூன்று பேரும் பிள்ளையின் அளவு. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டாக ஆறு விரல்கடை. ஜாக்கிரதைக்கு இன்னும் இரண்டு. முதல் நாள் அவமானம் மறுபடி நேரக் கூடாது. ஓடிப்போய் அடைப்பை முழுக்கப் பிடுங்கினேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. வரதன் ஸ்வாமிக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்கு பிரவாஹம் பிரமாதம்!" என்றார்.

விருந்தாளிகள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சட்டை கழற்றி, மடித்து வைத்து, டாக்டரிடம் குசலம் விசாரித்துவிட்டு நிதானமாக வந்தார்கள். உள்ளே வரதன் ஸ்வாமியும் பெரியண்ணனும் முந்திக்கொண்டு இறங்கிவிட்ட பிள்ளையும் தொப்புளுக்குச் சற்று மேல்வரைக்கும் தண்ணீரில், நெஞ்சைக் கையால் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். இறங்கவில்லை. "கல்யாணத்துல சாம்பார்கூட இதைவிட ஆழமா ஊத்தினீங்களே, சம்பந்தி!"

நனைந்த விறகு

பகல்பத்துக்கு முதல் நாள். மூன்று நாளாக மழை. விறகு எரியாமல் புகைந்தது. கண் சிவந்து வெளியே வந்த செல்லம்மா, "இவ்வளவுதான். இதுக்கு மேல ஊதினா என் உசுருதான் கொதிக்கும்" என்று ஊதுகுழலைக் கீழே போட்டாள். தொட்டி பாதிதான் நிரம்பியது. மூன்று பேர் உட்கார்ந்தபோது வரதன் ஸ்வாமியின் முழங்காலுக்கு மேலே இரண்டு விரல்கடை நின்றது. கால் அநேகமாக நீண்டுவிட்டிருந்தது. ஆனால் அன்றைய அரை மணி வெந்நீர் தவறினால் குளிரில் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடைப்பைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் தண்ணீர் போய்விடும். திறக்காவிட்டால் அது ஓடற ஜலம் இல்லை. நான் அடைப்பின் மேல் கையை வைத்தபடி குனிந்து நின்றேன்.

பெரியண்ணன்தான் முதலில் எழுந்தார். "சாமி, நாங்க வெளியே போயிடறோம். நீங்க தனியா உட்காருங்க." பிள்ளையும் எழுந்தார். அந்த இரண்டு பேரோடு மூன்று விரல்கடை தண்ணீரும் இறங்கியது. வரதன் ஸ்வாமியின் முழங்கால் கோடைக்காலத்து ஆற்றில் பாறை தெரிகிற மாதிரி வெளியே வந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார். "உட்காருங்கோ. ரெண்டு பேரும் உட்காருங்கோ" என்றார். அவர்கள் உட்கார்ந்தார்கள். தண்ணீர் மெதுவாக ஏறி முழங்காலை மூடிக்கொண்டது. என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "முக்கொம்பு அணையிலே கதவை இறக்கித் தேக்கறாளே, அதனாலே அது காவேரி இல்லேன்னு ஆயிடறதா? அடைச்சே இருக்கட்டும்ப்பா!"

நாங்கள் சேவித்தது

மறுநாள் பிள்ளை மண்டிக்குப் போகவில்லை. பெரியண்ணன் ஊருக்குத் திரும்பவில்லை. செல்லம்மாவும் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு கோயில் கூட்டத்தில் இடித்துப் பிடித்து முன்னால் போனோம். பெருமாள் புறப்பட்டதும் எல்லோரும் கைகூப்பிப் பெருமாளைச் சேவித்தார்கள். நாங்கள் நாலு பேரும் வரதன் ஸ்வாமியின் வலது காலைச் சேவித்துக்கொண்டிருந்தோம். ஓர் அடி எடுத்து வைத்தார். கால் நேராக நின்றது. இன்னோர் அடி. "நிக்குது!" என்று பிள்ளை மண்டியில் ஏலம் விடுகிற குரலில் கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் பெருமாளுக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

உண்மையில் அந்த நிமிஷம் பெருமாள் லேசாகச் சாய்ந்துதான் இருந்தார், ஆனால் எதிர்ப்பக்கம். பிறகு சமாளித்துக்கொண்டு சரியாகவே போனார்கள். புறப்பாடு முடிந்து வேர்வை துடைத்துக்கொண்டு வந்த வரதன் ஸ்வாமி, கூடச் சுமக்கும் மூன்று பேரிடம் என்னைக் காட்டி, "இவர்தான் தொட்டிக்காரர்" என்றார். அவர்களில் மூத்தவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஒரு வருஷமா இவர் முழங்காலுக்குத் தக்கபடி குனிஞ்சு குனிஞ்சு எங்க மூணு பேருக்கும் இடுப்பு போயிடுத்து. நாளைக்குத் தொட்டியிலே மூணு இடம் இருக்குமோ?"

ஆறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். ஒரு நாள்கூட நான் அந்தத் தொட்டியில் இறங்கியதில்லை, நானும் உள்ளே உட்கார்ந்துவிட்டால் மட்டத்தை யார் பார்ப்பது?