கையுறையோடு பேன் பார்க்க முடியாது

வேலை விட்டு அம்மா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்து சேர்ந்துவிடும். கிருமிநாசினியின் சாராய நெடியும், குளோரின் தண்ணீரின் காரமும், அதற்கெல்லாம் மேலே பச்சைச் சவர்க்காரத்தின் மணமும் சந்து முனையிலேயே கிளம்பி, அப்பாவின் ஓட்டோ நிற்பதற்குள் எங்கள் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொரோனா வந்த ஆண்டில் எனக்குப் பதின்மூன்று வயது. தங்கை நித்யாவுக்கு ஆறு. மற்றப் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் ஊரடங்காகவும் கைத்தொலைபேசிப் பாடமாகவும் நினைவில் இருக்கலாம். எனக்கு அது அம்மாவைத் தொட முடியாத காலம்.

எங்கள் வீடு பிலிமத்தலாவையில், கண்டி வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. அம்மா அந்த வீதியிலேயே ஒரு மருந்துக்கடையில், எங்கள் வழக்கில் சொன்னால் ஒரு "பாமசி"யில், குளிசை எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். ஊரடங்கு போட்டதும் துணிக்கடை, இரும்புக்கடை, பேக்கரி என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. பாமசி மட்டும் திறந்திருந்தது. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், அதில் தப்பும் இல்லை. அம்மா நிற்கவில்லை. கடுகண்ணாவை ரயில் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த அப்பாவுக்கு அப்போது சவாரி கிடையாது என்பதால், அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே ஒரு பொலித்தீன் திரையைத் தொங்கவிட்டு, தினமும் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். "பிரஷர் குளிசை இல்லாம எத்தன பேரு வீட்ல உக்காந்திருப்பாங்க, நான் போகாட்டி எப்பிடிங்க" என்று கேட்பார் அம்மா.

திரும்பி வந்தால் முற்றத்துக் குழாயடியிலேயே குளியல். உடுப்பு கொதிக்கும் அண்டாவுக்குள் போகும். சிலிப்பர், பூட்டு, சாவி எல்லாம் நுரையில் முங்கி எழும். பாண் ரொட்டியை அடுப்பில் இரண்டு பக்கமும் சுட்ட பிறகுதான் எங்களுக்குத் தருவார். போஞ்சிக்காயைச் சலவைத் தூளில் அலசி அவர் வைத்த கறி ஒருநாள் உண்மையாகவே நுரைத்தது; அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு வயித்தையும் சேத்து தொவைச்சாச்சி" என்றார். அம்மாவும் சிரித்தார். அப்போது ஊரில் எல்லாரும் எதையாவது கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் எங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

கழுவுதல் எந்த இடத்தில் பயமாக மாறியது என்பதைப் பிறகு அம்மாவே எனக்குச் சொன்னார். மாதாமாதம் பிரஷர் குளிசைக்கு வரும் சிங்கள ஐயா ஒருவர் இருந்தார். "பின் சித்த வெனவா துவே", உனக்குப் புண்ணியம் கிடைக்கும் மகளே என்று சொல்லாமல் அவர் படி இறங்கியதே இல்லையாம். ஒருநாள் இருமிக்கொண்டே வந்தவருக்கு அம்மா பையைக் கையில் கொடுத்தார். அந்த வாரமே அவர் கொரோனாவில் போய்விட்டார். அம்மாவுக்குச் செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த முடிவை அவருடைய மனது நம்பவில்லை. தன் கைதான் அவருக்குக் கொடுத்ததோ, அடுத்தது யாருக்குக் கொடுக்குமோ என்ற எண்ணம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஊரடங்கை எடுத்தார்கள், கடைகள் திறந்தன, சனங்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு பழையபடி பேசிச் சிரித்தார்கள், அம்மா மட்டும் குழாயடியில் நின்றுகொண்டே இருந்தார். விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. சமைக்கும்போது உப்புப் பட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

எங்களைத் தொடுவதையும் அவர் நிறுத்தியிருந்தார். முன் அறையில் தனிப் பாய், தனிக் கோப்பை, தனித் துவாய். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறையில் அக்கா தங்கச்சிகளோடு ஒரே பாயில் தோள் இடிக்கப் படுத்து வளர்ந்த மனுஷி அவர். நித்யா கையை நீட்டிக்கொண்டு ஓடினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தொடாத குட்டி, அம்மா அழுக்கு" என்பார். ஒருநாள் நித்யா தன் துணிப் பொம்மையைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, தள்ளி நின்று, "தொடாத குட்டி, அம்மா அழுக்கு" என்று அதே குரலில் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்று அம்மா அதைக் கேட்டார். அவர் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். இந்தச் சின்னது இதையே உண்மை என்று நம்பி வளர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சந்தில் சிலர் "பாமசிக்காரிக்கு பைத்தியம் தட்டிருச்சி" என்று பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. அப்பா அந்தச் சொல்லை வீட்டுக்குள் வரவிடவில்லை. "அம்மாவுக்கு பயம் புடிச்சிருக்கு, காய்ச்ச மாதிரி, எறங்கும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அம்மா செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். தலை பின்னுவதும் அதில் ஒன்று. ஓட்டோ கூரையில் மூட்டைக்குக் கயிறு போடுவது போல எங்கள் கூந்தலை இழுத்துக் கட்டுவார். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது தோளுக்குக் கீழேயும் நிற்கும்.

பாடசாலை திறந்தது. மேசைக்கு ஒரு பிள்ளை, மூக்கை மூடிய முகக்கவசம், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி. இத்தனை காவலையும் தாண்டி நித்யா வீட்டுக்குக் கொண்டுவந்தது பேன். தள்ளித் தள்ளி உட்கார வைத்த பிள்ளைகள் எங்கே போய்த் தலையோடு தலை முட்டிக்கொண்டார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பாவின் சீப்பு மேலோடு மேலாகப் போய்வந்ததால் பேன்களுக்கு நல்ல காலம் பிறந்தது. என்னிடம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்றால், அதற்குள் எனக்கும் தொற்றி, நானே இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஃபரீதா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டி, "தங்கச்சி, புள்ளட தலைய பாத்தீங்களா, சொறிஞ்சி சொறிஞ்சி புண்ணாகி ஈக்குது" என்றார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நின்ற இடத்தை விட்டு அவரால் நகர முடியவில்லை.

எண்ணெயும் வேப்பிலையும் வைத்துப் பார்த்துக் களைத்துப்போன அப்பா, ஒரு சனிக்கிழமை மத்தியானம், "சலூன்ல மொட்ட போட்டுட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்று முடிவு செய்து ஓட்டோவை ஸ்டார்ட் செய்தார். நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதாள். இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. கைக்குழந்தையிலிருந்து அம்மா எண்ணெய் வைத்து வளர்த்தது.

"நிப்பாட்டுங்க" என்றது அம்மாவின் குரல். ஒரு கையில் வெள்ளைத் துணியும் பேன் சீப்பும், மறு கையில் பாமசி ரப்பர் கையுறையுமாக வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "இங்க வா குட்டி" என்றார். நித்யா அசையவில்லை. "தொடலாமாம்மா?" என்று கேட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

ஆனால் ரப்பரில் பேன் வழுக்கியது. முடி கையுறையில் ஒட்டி இழுபட, நித்யா நெளிந்தாள். ஈரை உருவுவதற்கு நகம் வேண்டும், நசுக்குவதற்கும் இரண்டு பெருவிரல் நகம் வேண்டும். அம்மா திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார். "கையுறையோட பேன் பாக்க ஏலாது" என்று யாரிடமோ முறையிடுவது போலச் சொன்னார். பிறகு ஒன்றைக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றினார். வெடித்துப் புண்ணான அந்த விரல்கள் என் தங்கையின் முடிக்குள் போனதை நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் முதல் பேன் "டிக்" என்று வெடித்தது. பேன் குத்தும்போது பெண்கள் வாயால் ஒரு "ஸ்ஸ்" வைப்பார்களே, அதையும் அம்மா வைத்தார். நித்யா அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். "அடுத்து நீ வா" என்று என்னையும் கூப்பிட்டார். நான் பெரிய பிள்ளை என்ற நினைப்பில் திரிந்தவள். அவர் முழங்காலில் தலையை வைத்ததும் விம்மி விம்மி அழுதேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று பின்னேரம் அம்மா குழாயடியில் வெகுநேரம் நின்றார். ஆனால் அடுத்த வாரம் அவராகவே அப்பாவிடம், "கண்டிக்கு போகணும், கிளினிக்குக்கு. ஒடம்புக்கு இல்ல, மனசுக்கு" என்றார். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார் அப்பா. கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் பொறுத்திருப்பது, பாணைச் சுடாமல் சாப்பிடுவது என்று அங்கே ஒரு டொக்டர் சின்னச் சின்ன வேலைகளாகக் கொடுத்தார். அம்மா அவற்றை "வீட்டுப்பாடம்" என்பார். தோற்ற நாட்கள் நிறைய. அப்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு மறுநாள் மறுபடி தொடங்குவார். சனிக்கிழமைப் பேன் பார்ப்பதை மட்டும் அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

அதே பாமசியில்தான் இன்றும் வேலை செய்கிறார். மூலத்துக்கு மருந்து கேட்கவே குரலைத் தாழ்த்தும் ஊர் எங்களுடையது. அங்கே, வெடித்த கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு மறுபடியும் கிருமிநாசினிப் போத்தல் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, "எனக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி. மனசு கிளினிக்குக்கு போனேன், நல்லா பாத்தாங்க. நீங்களும் போங்க, வேணும்னா நானும் கூட வாரேன்" என்று வழக்கமான குரலிலேயே அம்மா சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன். ஊரடங்கு நாளில் அவர் வேலைக்குப் போனதை ஊரே மெச்சியது. நான் அதைவிட இதைத்தான் மெச்சுகிறேன்.

இப்போது நானும் வேலைக்குப் போகிறேன். கடைகளுக்கு முன்னால் ஆள் நிற்பதற்குத் தரையில் போட்டிருந்த மஞ்சள் வட்டங்கள் மிதிபட்டு அழிந்துவிட்டன. அப்பாவின் ஓட்டோவில் திரை மாட்டிய கம்பி மட்டும் எதற்கென்று தெரியாமல் நிற்கிறது. பேனும் எங்கள் வீட்டை விட்டுப் போய் வருடக் கணக்காகிறது. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானமானால் அம்மா சீப்போடு வாசற்படிக்கு வந்துவிடுவார். அவர் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட நித்யா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கீழ்ப்படியில் உட்காருவாள். போன கிழமை, "அம்மா, தலையில ஒன்னுமே இல்லன்னு ஒங்களுக்கே தெரியும்" என்றாள்.

"ஒன்னு ஓடுது, ஆடாம இரு" என்றார் அம்மா.

நித்யா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஆடாமல் இருந்தாள்.