லோகநாதன் கரையான் அளவுக்குச் சுருங்கிய நாள்

என் அக்கா சந்திரிகாவின் கணவர் லோகநாதன் ஆறடி உயரம். தாம்பரத்தில் எங்கள் வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்த நாளே கிடையாது. வேலை, வீடுகளுக்குக் கரையான் மருந்து அடிப்பது. பதினாறு வருடமாகச் சுவரோரம் ஓட்டை போட்டு, மருந்தை இறக்கி, சிமெண்டால் அடைத்துவிட்டு வருவார். கரையானைப் பற்றி ஏதாவது கேட்டால், "அதுல இன்னா கீது மச்சான், பூச்சி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2006இல் நான் துபாயிலிருந்து வந்தபோது கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் ஒன்று வாங்கி வந்தேன். எனக்காகத்தான் வாங்கினேன். மாமா இரண்டே நாளில் பிடுங்கிக்கொண்டார். அதில் வரும் வீரன் ஒரு மணியை அடித்தால் கட்டெறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுவான். நின்று பார்க்கும்போது வெறும் சுவராக இருந்த இடத்தில் அப்போது ஒரு வாசல் தெரியும். உள்ளே ஓர் ஊரே இருக்கும். சட்டைப் பித்தான்தான் அங்கே சாப்பாட்டு மேஜை. மாமாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு ஆடுவார்.

"மச்சான், செவுத்துக்குள்ள வூடு கட்டிகினு கீறானுங்க பாரு!"

நாற்பது வயதில் இது தேவையா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பீர்க்கன்கரணையில் சித்திகா டீச்சர் வீட்டில் தலைவலி ஆரம்பித்தது. இரண்டு முறை மருந்து அடித்தும் வாசக்காலில் கரையான் மறுபடி ஏறிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. முகம் சுண்டிப்போய், அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

"இந்த வாட்டியாவது போகுமா அண்ணா? வாசக்கால தட்டினா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி சத்தம் வருது" என்றார் டீச்சர்.

மாமா ட்ரில்லைத் தொடவில்லை. வாசலில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, டார்ச்சைத் தரைமட்டத்தில் பிடித்தார். மயங்கி விழுந்துவிட்டாரோ என்று டீச்சர் பதறினார்.

"ஒண்ணுமில்ல மேடம். சுருங்கிப் பாக்கறேன்."

கால் மணி நேரம் அப்படியே ஊர்ந்தார். பிறகு என்னையும் படுக்கச் சொன்னார். படிக்கல்லின் அடி விளிம்பில், நின்றால் கண்ணுக்கே படாத இடத்தில், தீக்குச்சி அகலத்துக்கு ஒரு மண்குழாய் ஓடியது. கரையான் சுவர் வழியாக வரவே இல்லை. படிக்கு நேர் கீழிருந்து வந்துகொண்டிருந்தது.

டீச்சரைக் கேட்டுக்கொண்டு கல்லைப் பெயர்த்தோம். வீடு கட்டியவர்கள் தோண்டி எடுக்காமல் மண் போட்டு மூடிய தென்னை அடிக்கட்டை ஒன்று கிடந்தது. அதை ஒட்டிப் புற்று. மாமா உளியால் ஓரத்தை மெல்ல நெம்பினார்.

உள்ளே ஓர் ஊரே இருந்தது. அடுக்கடுக்காக அறைகள், வளைந்து வளைந்து ஏறும் பாதைகள். அறைக்கு அறை பஞ்சு மாதிரி எதையோ வளர்த்து வைத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் ஆயிரக்கணக்கான வெள்ளை உயிர்கள் ஓடிவந்து, உடைந்த இடத்தை மண்ணால் அடைக்க ஆரம்பித்தன. நடுவில் கெட்டியான ஓர் அறைக்குள் விரல் பருமனுக்கு ராணி கிடந்தது. கண்ணே தெரியாத பூச்சிகள் இத்தனையையும் இருட்டிலேயே கட்டியிருக்கின்றன.

"சுப்ஹானல்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்தார் டீச்சர்.

மாமா தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"பதினாறு வருசமா மேலேர்ந்தே ஊத்திகினு கீறேன் மச்சான். கீழ இன்னா கீதுன்னு ஒரு நாளும் குனிஞ்சு பாக்கல."

"ஊத்தித்தான் ஆகணுமா அண்ணா?" டீச்சர் மெல்லக் கேட்டார்.

மாமா வாசக்காலைப் பார்த்தார். "வுட்டா உங்க வூடு போயிடும் மேடம்." பூட்ஸை மாட்டிக்கொண்டு மருந்தை ஊற்றினார்.

மூன்றாவது புகார் வரவே இல்லை. வேலை தப்பியது.

ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கேமை எடுத்தார். வீரன் சுவருக்குள், அந்தக் குட்டி ஊரின் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தான். மாமா அவனை மணி இருக்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போய், மறுபடி அதை அடித்துப் பெரியவனாக்கி, வெளியே புல்வெளியில் நிறுத்தினார். பிறகு கேமை என்னிடம் நீட்டினார்.

"நீயே வெச்சிக்க மச்சான். இவன மட்டும் உள்ள அனுப்பாத. மேலேர்ந்து எவனாச்சும் ஊத்திடுவான்."